மோட்டார்க் கொட்டகை வாசனை

இந்த வாரம் நேயர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டிய விஷயம் ஒன்றை எழுத உத்தேசித்திருக்கிறேன். காலைக் காபியுடன் இந்தப் பக்கத்தைப் புரட்டும் வழக்கமுள்ளவர்கள் முதலில் காபியை முடித்துக்கொள்வது நலம். விஷயம், எங்கள் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் குடிகொண்டிருந்த நாற்றத்தைப் பற்றியது.

"நாற்றம்" என்னும் சொல் பண்டைக் காலத்தில் நறுமணத்துக்கே வழங்கி வந்தது. பூவுக்கு நாற்றம் உண்டு என்றால் பூவைப் புகழ்ந்ததாக அர்த்தம். அவ்வளவு நல்ல சொல் நாளடைவில் எப்படியோ கெட்டுப் போய்விட்டது. எங்கள் கொட்டகையைப் போன்ற ஓர் இடத்தில் கொஞ்ச காலம் வாசம் செய்திருக்கும் என்று தோன்றுகிறது.

சென்ற ஐப்பசி மாதம் கும்பகோணத்திலிருந்து என் சித்தப்பா வந்திருந்தார். சென்னையில் அன்று நல்ல மழை. மாம்பலத்தில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். வாசற்படி வழுக்கும் என்று அவரைக் கொட்டகை வழியாக உள்ளே அழைத்து வந்தேன். பாதி தூரம் வந்தவர் குடையை மடக்காமலேயே நின்றுவிட்டார்.

"ஏண்டா தம்பி, இங்கே எலி கிலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லையே, சித்தப்பா! எனக்கு ஒன்றும் தெரியவில்லையே!" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. மூக்கு மிகவும் விசித்திரமான இந்திரியம். புதிதாக ஒரு வாசனை வந்ததும் பரபரப்புடன் எஜமானனுக்குத் தகவல் கொடுக்கும். அதே வாசனை சில நிமிஷம் நீடித்துவிட்டால், "இது தெரிந்த ஆசாமிதான்" என்று பேசாமல் இருந்துவிடும். தினம் பத்துத் தடவை கொட்டகைக்குள் போய் வருகிறவனுக்கு அங்கே வாசனை இருப்பதே தெரியாது. தம் வீடு எப்படி மணக்கிறது என்று அறிய விரும்பும் கிரகஸ்தர்கள், தம்முடைய மூக்கை நம்புவதை விட்டு, வரும் விருந்தாளியின் முகத்தைக் கவனிக்க வேண்டும்.

சித்தப்பா உள்ளே போய்த் தலையைத் துவட்டிக்கொண்ட பிறகு குடும்ப மகாநாடு கூடியது. கொட்டகையில் இரவில் படுப்பது எங்கள் ரோஸி ஒன்றுதான். பதினோரு வயது நாய். என் மகள் முதல் வகுப்புப் படிக்கையில் குட்டியாக வந்தது. இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். காலையில் ரோஸி எழுந்திருக்கும்போது படுத்த இடம் ஈரமாயிருப்பதைச் சில மாதங்களாகவே பார்த்து வந்தோம். ஆகவே குற்றவாளி யார் என்பதைப் பற்றி மகாநாட்டில் விவாதமே எழவில்லை. தண்டனையைப் பற்றித்தான் பேச்சு நடந்தது.

"வயசாகிவிட்டது. இனிமேல் அதனால் அடக்க முடியாது. ஊரிலே தோப்பிலே கொண்டு விட்டுவிடு. காவலுக்குக் காவலும் ஆச்சு" என்றாள் என் தாயார்.

பதினோரு வருஷம் மின்சார விசிறிக்கு அடியில் படுத்துப் பழகிய கிழ நாய் தென்னந்தோப்பில் எதைக் காவல் காக்கும், எத்தனை நாள் காக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மகள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. "தை பிறக்கட்டும், அதற்குள் வாசனை போகாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் தவணை வாங்கினேன். தவணை வாங்கியதுதான் உண்டே தவிர, என்ன செய்வது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதல் வாரத்தில் நாங்கள் செய்தவை யாவும் தவறு. அவற்றைச் சொல்லி விடுகிறேன். ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் இவற்றையேதான் செய்கிறார்கள்.

என் தாயார் சாம்பிராணித் தூபத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் புறப்பட்டாள். நல்ல வேளையாக நான் வாசலிலேயே பார்த்துவிட்டேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். மோட்டார் நிற்கும் இடத்துக்குத் தணலைக் கொண்டு போவதைப்போல் அபாயமான காரியம் வேறில்லை.

பிறகு என் மனைவி கறுப்புப் பினாயிலைக் கரைத்துத் தரை முழுவதும் விட்டுக் கழுவினாள். மூன்று நாள் கொட்டகை ஆஸ்பத்திரியைப்போல் மணத்தது. நாலாம் நாள், நாய் படுத்துறங்கிய ஆஸ்பத்திரியைப்போல் மணத்தது. இதில் வேறொரு கெடுதலும் உண்டு. பினாயிலிலுள்ள பீனால் வகைச் சரக்குகளை மாற்றி வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பினாயில் பட்ட காலைப் பூனை நக்கினால் அதற்கு விஷம். பூனை வளர்ப்பவர்கள் அந்தப் பாட்டிலை வீட்டுக்குள் கொண்டு வராமலிருப்பதே நல்லது. அந்துருண்டையும் அப்படியே, நாய்க்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது.

மூன்றாவது தவறு என்னுடையது. வாசனையை அடியோடு கொன்றுவிடுகிறேன் என்று பிளீச்சிங் பவுடரை வாளி நிறையக் கரைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றினேன். இரண்டு நிமிஷத்தில் கண் எரிந்து, தொண்டை கமறி, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தேன். சிறுநீர் ஊறிய தரையில் அம்மோனியா இருக்கிறது. பிளீச்சிங் பவுடரும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு உண்டாகிறது. கக்கூஸ் கழுவும் அமிலத்தை அதே தரையில் ஊற்றியிருந்தால் குளோரின் வாயுவே கிளம்பியிருக்கும். இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுத நேர்ந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகுதான், நாற்றம் என்பது எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கலாம் என்ற எண்ணம் உதயமாயிற்று.

அப்போதுதான் விட்ட சிறுநீருக்கு அவ்வளவாக வாசனை இல்லை. அதில் யூரியா இருக்கிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்ற நொதியைக்கொண்டு யூரியாவை உடைக்க, அம்மோனியா பிறக்கிறது. மூக்கில் சுரீரென்று ஏறுவது அதுதான். இந்த நொதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. நம் ஊர் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஓர் அவரை விதையிலிருந்து இதைப் பளிங்காகப் பிரித்தெடுத்தவர் ஜேம்ஸ் ஸம்னர் என்ற அமெரிக்கர். அது 1926-ஆம் வருஷம். நொதியைப் பளிங்காக எடுக்க முடியும் என்று அதற்கு முன் யாரும் காட்டியதில்லை. 1946-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இளம் வயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்து, ஒற்றைக் கையால் ஆராய்ச்சி செய்தவர் அவர்.

நாய்ச் சிறுநீர் நாற்றத்துக்கு யூரிக் அமிலமே காரணம் என்று கடைகளில் விற்கும் புட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். இது முக்கால் வாசி வியாபாரப் பேச்சு. யூரிக் அமிலம் மனிதர்களாகிய நம்முடைய சொத்து. நாயும் பூனையும் அதில் பெரும் பகுதியை நீரில் நன்றாகக் கரையும் அலன்டாயினாக மாற்றி விடுகின்றன. புள்ளி போட்ட டால்மேஷியன் நாய் இதற்கு விலக்கு. உண்மைக் குற்றவாளிகள் அம்மோனியாவும், அமீன்களும், கந்தகச் சரக்குகளும், அவை புகுந்து உட்கார்ந்திருக்கும் இடமுமே.

அந்த இடம் ஸிமெண்டுத் தரை. பார்வைக்குக் கல்லைப்போல் இருக்கிறதே தவிர, உள்ளுக்குள் அது கடற்பஞ்சு. மயிரிழைத் துவாரங்கள் வழியாக எந்தத் திரவத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். மேலே துடைத்தால் மேல்பரப்பு சுத்தமாகும். உள்ளே இறங்கியது அங்கேயே இருக்கும். மழை நாளில் ஈரக்காற்று பட்டதும் அது மறுபடி கிளம்பி வரும். வெயில் காலத்தில் வந்திருந்தால் சித்தப்பா ஒருவேளை பேசாமல் உள்ளே வந்திருப்பார்.

மகளின் சிநேகிதி ஒருத்தி விஞ்ஞான மாணவி. அவள் ஊதாக் கடந்த ஒளி வீசும் சிறு டார்ச்சு விளக்கு ஒன்று கொண்டுவந்தாள். விலை அதிகமில்லை. இருட்டில் அந்த ஒளியைப் பாய்ச்சினால் காய்ந்த சிறுநீர்க் கறை மங்கலான மஞ்சள் நிறத்தில் ஒளிரும். ஆனால் ஒளிர்வதெல்லாம் சிறுநீர் என்று எண்ணிவிடக் கூடாது. சலவைத் தூளும் ஒளிரும், தேளும் ஒளிரும். டயருக்குப் பின்னால் பச்சையாக ஒரு பொட்டு மின்னியபோது நான் விரலால் தொட்டுப் பார்க்க இருந்தேன். அந்தப் பெண்தான், "மாமா, கையை எடுங்கள்!" என்று கத்தினாள்.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் மூவரும் கண்ட காட்சியை நான் மறக்கமாட்டேன். ரோஸி படுக்கும் மூலையில் தரையில் வட்டமாகச் சில கறைகள் இருந்தன. அவை எதிர்பார்த்தவையே. ஆனால் எதிர்ப்புறச் சுவரில், ரோஸி என்றுமே போகாத பக்கத்தில், ஏறக்குறைய ஓர் அடி உயரத்திலிருந்து கீழ்நோக்கி வழிந்த கோடுகள் வரிசையாக ஒளிர்ந்தன. மோட்டாரின் பின் சக்கரத்திலும் அப்படியே. ரோஸி பெண் நாய். உட்கார்ந்துதான் சிறுநீர் விடும். அது ஓரடி உயரத்தில் சுவரை நனைக்க வேண்டுமானால் சர்க்கஸ் வித்தை பழகியிருக்க வேண்டும்.

"அப்பா, இது பூனை!" என்றாள் மகள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டால், பூனைகளின்மேல் அவளுக்கு ஜன்மப் பகை என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் பார்த்தபோது, காற்றுப் போக்கிக்கு அடித்திருந்த கம்பி வலையில் ஒரு மூலை பிய்ந்திருந்தது. இரண்டாம் இரவு காவலிருந்ததில் ஆசாமி தென்பட்டான். பக்கத்து வீட்டில் சோறு தின்று, எங்கள் கொட்டகையில் எல்லைக் கல் நாட்டும் பெரிய மஞ்சள் கடுவன். வாலை நிமிர்த்தி, பின்புறமாகச் சுவரில் பீச்சி அடிப்பது கடுவன் பூனைகளின் பட்டயப் பதிவு. அதன் காரத்துக்குக் காரணம் பெலினின் என்ற கந்தகம் சேர்ந்த ஒரு பொருள். அது சிதையும்போது எழும் ஆவியில் அணுவளவு பட்டாலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். பூனைச் சிறுநீரில் காக்ஸின் என்னும் புரதம்தான் இதன் உற்பத்தியை நடத்தி வைக்கிறது என்று 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் காட்டினார்கள். விரை நீக்கிய பூனையிடமும் பெட்டைப் பூனையிடமும் பெலினின் மிகக் குறைவு.

ரோஸி செய்த காரியமும் இருக்கத்தான் இருந்தது. மகள் வற்புறுத்தியதன்மேல் அதை வேப்பேரியில் கால்நடை வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மாள் கேட்ட முதல் கேள்வி: "விழித்திருக்கும்போது விடுகிறதா, தூங்கும்போதா?" என்பதே. தூக்கத்தில்தான் என்றோம். இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துச் சர்க்கரை வியாதியும் மூத்திரக்காய் வியாதியும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகு அவர் விளக்கினார். கருப்பை எடுத்த பெண் நாய்களுக்கு வயதான பின்பு சிறுநீர்ப் பையின் வாய் தளர்ந்து, தூக்கத்தில் கசிவது சகஜமாம். நாய்க்கே அது தெரியாதாம். மாத்திரை இருக்கிறது, பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். பத்து நாளில் ரோஸியின் படுக்கை உலர்ந்திருந்தது. காலையில் எழுந்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போகும் பழக்கமும் நின்றது. அது முதுமையின் குணம் என்றல்லவா நாங்கள் இத்தனை நாளாக எண்ணியிருந்தோம்! கிழட்டு நாய் என்றும் அடங்காத பூனை என்றும் திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை வைத்தியரிடம் காட்டுவது செலவில் குறைந்த காரியம். முக்கியமாக, ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அடைப்பினால் உயிருக்கே ஆபத்து.

கடுவன் விஷயமாகப் பக்கத்து வீட்டுக்காரருடன் பேசினேன். முதலில் கோபித்துக்கொண்டார். சுவரைக் காட்டினேன்; அதாவது, சுவருக்கு அருகில் அவரை அழைத்துச் சென்று ஒரு நிமிஷம் நிறுத்தினேன். அவர் மூக்கு பழகாத மூக்கு. அந்த வாரமே பூனைக்குச் சிகிச்சை ஆயிற்று. விரை நீக்கினால் பத்துக் கடுவன்களில் ஏறக்குறைய ஒன்பது, இப்படிப் பீச்சுவதை அடியோடு விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். கம்பி வலையையும் புதிதாக அடித்தோம்.

இனித் தரை. மார்கழியில் மழை ஓய்ந்த பிறகு வேலையைத் தொடங்கினோம். பழஞ் சாக்கு, அட்டைப் பெட்டி, ரோஸியின் பழைய மெத்தை இவற்றைத் தயவு தாட்சண்யமின்றி வெளியே எறிந்தோம். சிறுநீர் ஊறிய அட்டைக்கும் பஞ்சுக்கும் மருந்தே கிடையாது. தரையைச் சாதாரண சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, வழித்துத் தள்ளினோம். அதன்மேல்தான் நொதி மருந்து. என்ஸைம் கிளீனர் என்று கேட்டால் பிராணிகளுக்கான சாமான் விற்கும் கடைகளில் கொடுக்கிறார்கள். இதில் எல்லோரும் செய்யும் பிழை, பன்னீர் தெளிப்பதுபோல் தெளித்துவிட்டுத் துடைத்துவிடுவது. சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ, மருந்தும் அவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்; இறங்கி, நாள் முழுவதும் காயாமல் இருக்க வேண்டும். எங்கள் கொத்தனார் இதைக் கேட்டவுடன், "புதுத் தளத்துக்குத் தண்ணி கட்டுகிற மாதிரிதானே, சாமி?" என்றார். நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கறை கண்ட இடங்களில் எல்லாம் மருந்தை ஊற்றி, நனைத்த சாக்கை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஒரு நாள் விட்டோம். பழுதான மூலையில் மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டியிருந்தது. பிளீச்சிங் பவுடர் மிச்சமிருக்கும் தரையிலும் கொதிநீர் ஊற்றிய தரையிலும் இந்த மருந்து பலிக்காது, நொதி கெட்டுப்போகும். என் முதல் வாரத்துப் பராக்கிரமத்தைக் கழுவிப் போக்குவதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

பூனை அடித்த சுவருக்கு வேறு வைத்தியம் செய்தோம். அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி உண்டு. அதன் நாற்றமும் கந்தக நாற்றமே. அதற்காக பால் கிரெபாம் என்ற ரஸாயன நிபுணர் 1993-ல் ஒரு கலவையை வெளியிட்டார். 3 சதவிகித ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஏறக்குறைய ஒரு லிட்டர், ஆப்பச் சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு கரண்டி. நம் மருந்துக் கடைகளில் பெராக்ஸைடு 6 சதவிகிதமாகக் கிடைத்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ள வேண்டும். கந்தகச் சரக்கை இது பிராணவாயுவால் எரித்து வாசனையற்றதாக்கிவிடுகிறது. கலந்தவுடனேயே உபயோகித்துவிட வேண்டும். மிச்சத்தைப் புட்டியில் அடைத்து வைத்தால் வாயு பெருகிப் புட்டி வெடிக்கும். சுவரின் வர்ணம் வெளுக்கும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும்.

வினிகரையும் ஆப்பச் சோடாவையும் சேர்த்துத் தரையில் கொட்டினால் அற்புதமாய் நுரைக்கும் என்று என் மைத்துனர் ஒரு யோசனை சொன்னார். நுரைக்கத்தான் நுரைக்கும். வினிகர் அமிலம், தனியாக விட்டால் அம்மோனியாவைப் பிடிக்கும். ஆனால் ஸிமெண்டை அரிக்கும். ஆப்பச் சோடா காரம்; அம்மோனியாவும் காரமானபடியால் அதனிடம் ஆப்பச் சோடாவின் ஜம்பம் சாயாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றையொன்று தீர்த்துக் கட்டிவிட்டு, கொஞ்சம் உப்புத் தண்ணீராக நின்றுவிடும். வேடிக்கை பார்க்கக் குழந்தைகளைக் கூப்பிடலாம்.

தை மாதம் தரைக்கு எபாக்ஸி வர்ணம் இரண்டு பூச்சு அடித்தோம். துவாரங்கள் அடைபட்டுவிடுவதால் இனி எது சிந்தினாலும் மேலேயே நிற்கும், துடைத்துவிடலாம். ஆனால் நாற்றம் போவதற்கு முன்பாகவோ, ஈரம் காய்வதற்கு முன்பாகவோ அடித்தால் வர்ணம் உரிந்து வரும். ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டுநாடாவால் தரையில் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பார்க்க வேண்டும். அடியில் வியர்த்திருந்தால் தரை இன்னும் காயவில்லை. எங்கள் தரை மூன்றாவது பரீட்சையில்தான் தேறியது. ரோஸிக்குக் கழுவக்கூடிய உறை போட்ட தாழ்வான கட்டில் ஒன்றும் செய்தோம். சாத்திய கொட்டகைக்குள் மோட்டாரை ஓடவிடும் வழக்கத்தையும் அன்றோடு நிறுத்தினேன். அந்தப் புகையிலுள்ள கார்பன் மானாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, மூக்கு எச்சரிக்காது.

தைத் தவணை முடிந்தபோது என் தாயார் தோப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எனினும் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. எங்கள் வீட்டு மூக்குகள் எல்லாம் நம்பத் தகாதவை என்பது நிரூபணமான விஷயம். அன்றியும், அது மழையில்லாத காலம்.

வைகாசியில் ஒரு கலியாணத்துக்காகச் சித்தப்பா மறுபடியும் வந்தார். அன்று மாலை இடி மின்னலுடன் கோடை மழை பிடித்துக்கொண்டது. வேண்டுமென்றே அவரைக் கொட்டகை வழியாக அழைத்து வந்தேன். பழைய இடத்துக்கு வந்ததும் நின்றார். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார். என் மகள் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, உன் மோட்டாரில் எண்ணெய் ஒழுகுகிறதே, பார்க்கக் கூடாதா?" என்றார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நாயை ஊருக்கு அனுப்பிவிட்டீர்களாக்கும்?" என்று கேட்டார்.

மோட்டாருக்குப் பின்னாலிருந்து ரோஸி மெதுவாக எழுந்து வந்து, அவருடைய ஈரக் காலை மோந்து பார்த்தது.